பதினேழு குருத்தோலைகள்

சுவரைச் சுரண்டுவதுதான் ஷார்லினின் பிழைப்பு. என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடம் ஒன்றை வாங்கி அதை ஹோட்டலாக்கவோ காப்பிக் கடையாக்கவோ யாராவது நினைத்தால், சுத்தியலை எடுக்கும் முன் ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். யார் கட்டினார்கள், யார் இருந்தார்கள், எந்த அறை எதற்குப் பயன்பட்டது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை எழுதித் தருகிறவள் அவள். சின்னக் கத்தியால் சுவர்ச் சாயத்தை ஏடு ஏடாகச் சுரண்டுவாள். மேலே கிடப்பது நேற்றையது, அடியில் கிடப்பது நூறு வருஷத்துக்கு முந்தையது. நகராண்மைக் கழகத்தின் பழைய பதிவேடுகளையும் அக்கம்பக்கத்தார் சொல்வதையும் அதோடு ஒத்துப் பார்ப்பாள். இருபது வருஷத்தில் அவள் கண்டது ஒன்றுதான். கட்டடம் பொய் சொல்லாது, பொய் சொல்வதெல்லாம் மனிதர்கள்.

அந்த மனிதர்களில் முதல் பொய்யன் அவளைப் பெற்றவன். பேட்ரிக் என்று பெயர். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தான். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. ஷார்லினுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில், சிங்கப்பூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று கடலுக்கு இக்கரையில், பட்டர்வொர்த்தில் அவர்கள் இருந்த பாகான் டாலாம் முழுக்கப் பேச்சு. அம்மா ரோசம்மா அதை மறுத்ததும் இல்லை, யார் முன்னாலும் அழுததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடி நிற்பார்கள். சிறுமி ஷார்லின் பக்கத்தில் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அப்படி நின்றுபோன பேச்சுகளை ஒட்டவைத்துத்தான் அவள் தன் தகப்பனின் கதையைத் தெரிந்துகொண்டாள். அடையாள அட்டையிலும் பெயர் அட்டையிலும் அவள் ஷார்லின் பேட்ரிக். மாற்ற வழியிருந்தால் பதினெட்டு வயதிலேயே மாற்றித் தொலைத்திருப்பாள்.

இந்தத் தடவை அவள் கைக்கு வந்தது பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு நீளமான இரண்டு மாடிக் கட்டடம். முகம் பீச் ஸ்ட்ரீட்டைப் பார்த்திருக்க, முதுகு வெல்ட் கீ சாலையையும் ஃபெரித் துறையையும் பார்த்திருந்தது. முதலில் ஓர் அரிசி வியாபாரி கட்டியது. பிறகு கீழே மண்டி, மேலே கப்பல் ஏஜெண்டு ஆபீஸ். ஜப்பான்காரன் காலத்தில் ராணுவத்துக்கு அரிசிக் கிடங்கு. சண்டை முடிந்தபின் ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி வாங்கி வெங்காயமும் காய்ந்த மிளகாயும் இறக்கினார். எண்பத்து நான்கில் அவரும் கிடங்கை மூடினார். முன்பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடை கொஞ்ச காலம் நடந்து அதுவும் போனது. இப்போது வாங்கியிருப்பது ஒரு ஹோட்டல்காரர்.

ஹோட்டல்காரருக்குப் பின்பக்க மேல்மாடி வேண்டாம். அதை இடித்து லிஃப்டும் வெளிச்ச முற்றமும் வைக்கத் திட்டம். அது வெறும் கிடங்காக இருந்து பிறகு காலியாகக் கிடந்த இடமென்றால் இடிக்க ஒரு தடையும் இருக்காது. மனிதர் குடியிருந்த இடம் என்று அறிக்கையில் வந்துவிட்டாலோ, மறுபடி ஆய்வு, கூட்டம், கேள்வி என்று மாதக் கணக்கில் இழுக்கும். அறையை அப்படியே வைத்திரு என்றும் சொல்லக்கூடும். அறிக்கையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பதிவேட்டில் காலி என்றுதான் இருந்தது. கிடங்கு வைத்திருந்த வியாபாரியின் மகள் நூர் பீவியைப் போன மாதம் பார்த்துக் கேட்டபோது அவரும் காலி என்றுதான் சொன்னார். ஷார்லினும் '1984 முதல் காலி' என்று எழுதி முடித்துவிட்டாள். அறையின் அளவுகள் மட்டும் பாக்கி.

செவ்வாய்க்கிழமை காலை அளவெடுக்கப் போனாள். படிக்கட்டில் பாதிப் பலகைகள் இல்லை. கைப்பிடியை இறுகப் பற்றி ஒருவழியாக ஏறினாள். பின்பக்க ஜன்னல் உள்ளிருந்து பலகை அடித்து மூடியிருந்தது. வெளியே கட்டட வேலை எடுத்த குத்தகைக்காரர் சாரம் கட்டிப் பச்சை வலை போர்த்தியிருந்ததால், இருந்த கொஞ்ச வெளிச்சமும் பாசி பிடித்த தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது.

தரை நடுவே சதுரமாக ஒரு கதவு. அதற்கு நேர்மேலே உத்திரத்தில் மரக் கப்பி. கீழிருந்து மூட்டை தூக்குகிற பழைய ஏற்பாடுதான், இந்தத் தெருவில் பல கட்டடங்களில் உண்டு. ஆனால் கப்பியில் தொங்கிய கயிறு ஷார்லினை நிறுத்தியது. நீல நைலான் கயிறு. துணி காயப்போடுகிற கயிறு. கிடங்குக்காரர்கள் மணிக்கட்டு மொத்தத்தில் நார்க்கயிறு போடுவார்கள். இந்தக் கயிற்றில் ஒரு மூட்டை மிளகாயைக்கூடத் தூக்க முடியாது. தூக்குச்சட்டியை வேண்டுமானால் தூக்கலாம். கயிற்றின் நுனியில் பெரிய வளையமாக ஒரு முடிச்சு வேறு இருந்தது.

"காலியாக் கிடந்த எடத்துல யாருக்குடா சாப்பாடு?" என்று வாய்விட்டே கேட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. ஒரு மூலையில் சுவர், அடுப்புக் கரி ஏறிக் கறுத்திருந்தது. ஜன்னல் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்த துளை. அதன் ஓரம் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. தரையிலிருந்து மூன்றே முக்கால் அடி உயரம். அதற்கு எதிரே தரைப் பலகையில் நாற்காலிக் கால் அழுந்தித் தேய்ந்த நான்கு குழிகள். துளை வழியாகப் பார்த்தாள். பச்சை வலை தவிர வேறொன்றும் தெரியவில்லை. குறிப்பேட்டில் 'காற்றுக்காக' என்று எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போதுதான் கதவு நிலைக்கு மேலே அதைப் பார்த்தாள். ஓர் ஆணியில் காய்ந்த குச்சிக் கட்டுபோல் ஏதோ தொங்கியது. அவளோடு வேலை செய்கிற லோகேஸ்வரன் பார்த்திருந்தால் துடைப்பம் என்று எடுத்துப் போட்டிருப்பான். ஷார்லின் செல்பேசி விளக்கை அடித்தாள். குருத்தோலைச் சிலுவைகள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்து, வருஷம் முழுக்க வாசல் நிலையில் செருகி வைப்பது அவர்கள் வழக்கம். மறு வருஷம் சாம்பல் புதனுக்கு முன் பழைய ஓலையைக் கோயிலில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதை எரித்த சாம்பலைத்தான் சாமியார் நெற்றியில் பூசுவார். எந்த வீட்டிலும் ஒன்றுக்கு மேல் இருக்காது. இங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினேழு இருந்தன.

யாரோ இங்கே வருஷா வருஷம் குருத்தோலை வாங்கியிருக்கிறார்கள்; ஆனால் கோயிலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. போயிருந்தால் பழையதைக் கொடுத்திருப்பார்கள். ஆக, ஓலையைக் கொண்டுவந்து கொடுத்தது வேறு ஆள். இதுவரைக்கும் அவளுடைய தொழில்மூளை ஒழுங்காக வேலை செய்தது. மேலே இருந்த சிலுவையை மெல்ல நிமிர்த்திப் பார்த்தபோது அந்த மூளை நின்றுவிட்டது.

சிலுவையின் வாலை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் சின்ன மோதிரம்போல் வளைத்து, நுனியை உள்ளே செருகியிருந்தது. இந்த மடிப்பை அவள் உலகத்தில் ஒருத்தியிடம்தான் பார்த்திருக்கிறாள். "எல்லார் சிலுவையும் சும்மா நிக்கும், ரோசம்மா சிலுவை மட்டும் மோதிரம் போட்டுக்கிட்டு நிக்கும்" என்று கோயில் பெண்கள் கேலி செய்வார்கள். ஷார்லினுக்கும் வேறு மாதிரி மடிக்கத் தெரியாது. பதினேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் மோதிரம் போட்டிருந்தன.

அந்தத் தூசித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குருத்தோலை ஞாயிறு மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. அம்மா எப்போதும் இரண்டு சிலுவை மடிப்பாள். ஒன்று வீட்டு வாசலுக்கு. இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பினாங்கில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஃபெரி ஏறிப் போவாள். அது எத்தனை வருஷம் நடந்தது, எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். எப்போதோ ஒரு வருஷத்திலிருந்து அம்மா ஒன்றுதான் மடிக்கிறாள். ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

நூர் பீவியின் மசாலாக் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இருந்தது. அறுபதைத் தாண்டிய மனுஷி, வெள்ளை முக்காடு, மூக்குக் கண்ணாடி. ஷார்லின் குருத்தோலைகளை எடுத்திருந்த படத்தைச் செல்பேசியில் நீட்டினாள். படத்தைப் பார்த்ததும் நூர் பீவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உக்காரு தங்கச்சி," என்றார் கடைசியில். "போன மாசம் நீ கார்டு குடுத்தீல, ஷார்லின் பேட்ரிக்னு. அப்பவே தெரியும். வாப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அதான் காலின்னு சொன்னேன். என்னை மன்னிச்சுக்க லா."

"அங்க இருந்தது யாரு, அக்கா?"

"உனக்குத் தெரியாமலா இங்க வந்திருக்க?"

தெரியும். ஆனாலும் யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"பேட்ரிக் அண்ணன்தான். வாப்பாவோட மூட்டையெல்லாம் அவருதான் எண்ணுவாரு. ஒரு மூட்டை கூடக் குறைச்சு சொல்லமாட்டாரு, வாப்பாவுக்கு அவ்வளவு பிரியம். அவருக்குக் கையில உணர்ச்சி போச்சு. சுடு தேத்தண்ணி கொட்டினாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில பார்த்துட்டு குஷ்டம்னு சொல்லிட்டாங்க." நூர் பீவி குரலைத் தாழ்த்தினார், கடையில் வேறு யாரும் இல்லை. "அந்தக் காலத்துல அந்தப் பேரைச் சொன்னா முழுக் குடும்பத்தையும் ஒதுக்கி வெச்சிருவாங்க. வாப்பாகிட்ட வந்து, ஒரு மூலை குடுங்க, ஜாகாவா இருந்துக்கிறேன்னாரு. காவலுக்கு ஒரு ஆள் வேணும்தான். பின்னாடி மாடியைக் குடுத்தாங்க. எங்க வீட்டுச் சாப்பாடுதான். நான்தான் கொண்டு போவேன். கயித்துல கட்டிட்டு ரெண்டு தட்டுத் தட்டினா மேல இழுத்துக்குவாரு. விரல் இல்ல பாரு, முழங்கையில வளையத்தை மாட்டித்தான் இழுப்பாரு. முகத்தைக் காட்ட மாட்டாரு. 'நல்லா இரு தாயி'ன்னு குரல் மட்டும் கேட்கும்."

"குணமாகலையா?"

"மருந்து சாப்பிட்டு நோய் நின்னுருச்சு. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஆனா போன விரல் வருமா, முகம் வருமா? ரெண்டாயிரத்து ஒண்ணுல தூக்கத்துலயே போயிட்டாரு. நீ அப்ப கோலாலம்பூர்ல படிச்சுக்கிட்டு இருந்தியாம். உங்கம்மா, எங்க வாப்பா, சாமியார், குழி வெட்டுறவங்க. அவ்வளவுதான் அடக்கத்துக்கு." செல்பேசியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "உங்கம்மா வருசத்துக்கு ஒரு தரம் வரும். ஞாயித்துக்கிழமை பீச் ஸ்ட்ரீட்ல ஈ காக்கா இருக்காதுல்ல, அன்னிக்குத்தான். உள்ளே போச்சுன்னா சாயந்தரம்தான் இறங்கும்."

அங்கிருந்து இரண்டு தெரு தாண்டினால் ஃபெரித் துறை. ஷார்லின் அந்தத் தூரத்தை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. செல்பேசி அடித்தது. லோகேஸ்வரன். அவளைவிட ஏழு வயது சின்னவன், கட்டடக் கலைஞன், அவளுக்கு முதலாளி. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, அளவு எடுத்தாச்சா? ஹோட்டல்காரன் உயிரை வாங்குறான்."

"லோகேஸ், அங்க ஒருத்தர் குடியிருந்திருக்காரு. பதினேழு வருசம்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "யாராவது வந்து படுத்துக் கிடந்திருப்பாங்கக்கா. அதையெல்லாம் எழுதினா நாம எப்ப முடிக்கிறது? அத்தாட்சி இருக்கா?"

"இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள். படகில் உட்கார்ந்தபின்தான் அவளுக்குக் கோபம் வந்தது. தகப்பன் மீது அல்ல. அவன் மீது வைத்திருந்த நாற்பது வருஷக் கோபத்துக்கு இனி இறங்க இடமில்லாமல், அது அப்படியே அம்மா பக்கம் திரும்பியது.

ரோசம்மா சமையலறையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, ஆனால் கை மட்டும் இன்னும் இயந்திரம்தான். ஷார்லின் செல்பேசியை மேசைமேல் வைத்தாள். ரோசம்மா எட்டிப் பார்த்தாள். கிள்ளிய தலையைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"இன்னும் அங்கயேவா இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஷார்லின் வெடித்தாள். "அதுதானா உனக்குக் கேக்கத் தோணுது? கடலுக்கு அந்தாண்ட இருந்த மனுசனை சிங்கப்பூர்ல இருக்காருன்னு நம்ப வெச்சியே! பொம்பளைப் பொறுக்கின்னு ஊரே பேசுச்சு, நானும் பேசினேன். உன் முன்னாடியே எத்தனை தரம் திட்டியிருக்கேன். செத்துத் தொலையட்டும்னு சொன்னேனே, அன்னிக்கு அவரு உயிரோட இருந்தாரா?"

"இருந்தாரு."

"அப்பக்கூட வாயைத் திறக்கல நீ!"

ரோசம்மா நெத்திலித் தட்டை ஒதுக்கி வைத்தாள். "அவருதான் சொன்னாரு, ஷார்லி. நான் வேணாம்னு காலைப் புடிச்சு அழுதேன். 'குஷ்டக்காரன் மகள்னா ஸ்கூல்ல பக்கத்துல உக்கார மாட்டாங்க, நாளைக்கு ஒருத்தனும் கட்ட மாட்டான். ஓடிப்போனவன் மகள்னா ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் பாவம்னு விட்டுருவாங்க. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது'ன்னாரு. சிங்கப்பூர், அந்தப் பொம்பளை, எல்லாம் அவரே சொல்லிக் குடுத்ததுதான். நான் வெளிய போய்ச் சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசும்."

ஷார்லின் இருபது வருஷமாகப் பொய்யைச் சுரண்டி எடுக்கிற தொழில் செய்கிறவள். தன் வீட்டுச் சுவரில் மட்டும் கத்தியை வைத்துப் பார்க்கவில்லை.

"குணமான பிறகாச்சும் வந்திருக்கலாமே," என்றாள்.

"கூப்பிட்டேன். உனக்கு அப்ப பன்னெண்டு வயசு. 'இந்த மூஞ்சியோட வந்தா எல்லாம் வெளியே வந்துரும், புள்ள தலைநிமிர முடியாது'ன்னு வர மாட்டேன்னுட்டாரு. இன்னொரு தரம் புள்ளையைக் காட்டுன்னு மட்டும் கேட்டாரு." ரோசம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மகளை நேராகப் பார்த்தாள். "மறு வருசம் உன்னை எந்த ஸ்கூல்ல போட்டேன்?"

பினாங்கு கான்வென்ட்டில். அதற்காக அம்மாவோடு போட்ட சண்டை ஷார்லினுக்கு மறக்கவே மறக்காது. பட்டர்வொர்த்திலேயே நல்ல பள்ளி இருக்கும்போது, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஃபெரியில் வாந்தி எடுத்து, படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை கடல் தாண்டிப் போய் வந்தாள். ஃபெரியை விட்டு இறங்கியதும் வெல்ட் கீயில் ஒரு பஸ் ஸ்டாப். அங்கேதான் நிற்க வேண்டும், வேறெங்கும் ஏறக்கூடாது என்று அம்மாவின் கட்டளை. அதிலும் கூரைக்குக் கீழே நிற்கக்கூடாது. டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, வெளியே வந்து நில் என்பாள். அப்படி ஐந்து வருஷம் வெயிலில் நின்றாள். தோழிகள் நிழலில் நின்று சிரித்தார்கள்.

"அம்மா..." என்றாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு தரம் காட்டியிருக்கேன். உன் புதுநன்மைக்கு."

ஒன்பது வயது. வெள்ளை கவுன், தலையில் பூ வளையம், மெல்லிய வெள்ளை முக்காடு. முதல் நற்கருணை வாங்கிய கையோடு, பினாங்கு ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும் என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். அதே பஸ் ஸ்டாப். கொளுத்துகிற வெயில். ஒரு பஸ் வந்தது, கூட்டம் என்றாள். அடுத்தது வந்தது, அது சுற்றிக்கொண்டு போகும் என்றாள். மூன்றாவதும் வந்தது, அதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. கவுனில் வேர்வை ஊறி ஷார்லின் அழ ஆரம்பித்த பிறகும், நேரா நில்லு, முக்காட்டைத் தூக்கிவிடு, அந்தப் பக்கம் பாரு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் என்ன இருந்தது? பழைய கட்டடங்களின் முதுகு இருந்தது.

ஷார்லின் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நாற்பத்தைந்து வயதுப் பெண் அழுகிற அழுகையாக இல்லை அது. ரோசம்மா தலையைத் தடவிக் கொடுத்தாள். கையில் நெத்திலி வாடை வீசியது.

வெகுநேரம் கழித்து ஷார்லின் நிமிர்ந்தாள். "அந்த அறையை இடிக்கப் போறாங்கம்மா. நான் உண்மையை எழுதினா ஒருவேளை நிக்கும், நிக்காமலும் போகலாம். ஆனா எழுதினா எல்லாருக்கும் தெரியும். நோயும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் மறைச்சு வெச்சது."

ரோசம்மா யோசிக்கவே இல்லை. "எழுது. அவரு பேரைப் போட்டு எழுது, நோயையும் எழுது. யாருக்காக மறைச்சோமோ அவ வளர்ந்து நிக்கிறா. இனி யாருக்காக அவரு ஓடிப்போனவரா இருக்கணும்?"

வியாழக்கிழமை காலை இருவரும் ஃபெரி ஏறினார்கள். ரோசம்மா கோயிலுக்குக் கட்டுகிற வெளிர்நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். உடைந்த படிக்கட்டில் அவள் முட்டியோடு ஏற முடியாது. "நீ போ, நான் இங்க இருக்கேன்," என்று சொல்லிவிட்டாள். எங்கே இருப்பாள் என்று ஷார்லின் கேட்கவில்லை.

முதல் நாளே குத்தகைக்காரரிடம் சொல்லி, பின் ஜன்னலுக்கு நேரே இருந்த வலையை அறுத்திருந்தாள். அறையில் இப்போது நல்ல வெளிச்சம். லோகேஸ்வரன் அவளுக்கு முன்பே வந்து, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதன்கிழமை இரவே அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"இதை எழுதினா ஹோட்டல்காரன் என்னைத் தின்னுருவான் அக்கா," என்றான். பிறகு செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டான். "எழுதுங்க. நான் பேசிக்கிறேன்." அதற்குமேல் அங்கே நிற்காமல் கீழே இறங்கிப் போனான்.

ஷார்லின் ஒரு காலிச் சாய வாளியைக் கவிழ்த்து, நான்கு குழிகளின்மேல் வைத்து உட்கார்ந்தாள். குறிப்பேட்டை எடுத்து, '1984 முதல் காலி' என்பதை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: '1984 முதல் 2001 வரை குடியிருப்பு. குடியிருந்தவர் பேட்ரிக், முன்னாள் டாலி கிளார்க், இக்கட்டடத்தின் ஜாகா. குஷ்ட நோய் கண்டு குணமானவர். குடும்பத்தைக் கைவிடாதவர். தகவல் தந்தவர்கள்: நூர் பீவி, மனைவி ரோசம்மா.' அறிக்கையில் 'கைவிடாதவர்' என்பதெல்லாம் எழுதக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அடிக்கவில்லை. துளையைப் பற்றி 'காற்றுக்காக' என்று எழுதியிருந்ததைத் தேடி எடுத்து அதை மட்டும் அடித்தாள்.

பிறகு துளையில் கண்ணை வைத்தாள். குனியக்கூட வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கண்ணுக்கு நேராக இருந்தது. சாலை தெரிந்தது, ஃபெரித் துறை வாசல் தெரிந்தது. நட்டநடுவே, சட்டம் போட்டதுபோல், பஸ் ஸ்டாப் தெரிந்தது. கூரைக்கு வெளியே, வெயிலில், வெளிர்நீலச் சேலையில் அம்மா நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே இந்தப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஒரு பஸ் வந்து நின்று கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. அடுத்ததும் போனது. ரோசம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். மூன்றாவது பஸ்ஸும் வந்தது. அதிலும் அவள் ஏறவில்லை.